பாய் இல்லாத பாய்மரம்: ஆர்லிங்டன் கல்லறையில் மெயின் கப்பல் நினைவிடம், ஒரு கரிக்காரனின் பார்வையில்

மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் எங்களைப் போன்ற அப்பா அம்மாக்களுக்கு வாஷிங்டன் என்றால் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். வெள்ளை மாளிகை வேலி, லிங்கன் சிலை, விமான அருங்காட்சியகம், அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டன் கல்லறை. அங்கேயும் கென்னடி சமாதியைப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத வீரர் கல்லறையில் காவலர் மாறுவதை வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். முதல் தடவை நானும் அப்படித்தான் கிளம்பினேன். இரண்டாம் தடவை போனது ஒரு கம்பத்துக்காக.

"மாமா, மறுபடியும் அந்தக் கம்பத்தைப் பார்க்கவா போறீங்க?" என்றார் மாப்பிள்ளை. ஆமாம், அதற்குத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த விமர்சனம் ஏன் இப்படிப் போகிறது என்று உங்களுக்குப் புரியாது. நான் தூத்துக்குடிக்காரன். தெற்குக் கடற்கரையில் ஓர் அனல் மின் நிலையத்தின் கரி யார்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கி, கன்வேயரில் ஏற்றி, குவித்து, திரும்ப அள்ளி, பங்கருக்கு, அதாவது எரிக்கும்வரை கரியைத் தேக்கி வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிக்கு, அனுப்புகிற வேலை. இன்றைக்கும் காது குடைந்தால் கறுப்பாகத்தான் வரும் என்று என் மனைவி சொல்வாள்.

முதல் தடவை மகள் ஒரு வேன் சுற்றுலாவில் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர். கல்லறையின் மேட்டில், வட்ட வடிவக் கல் மேடைமேல் ஒரு கப்பலின் பாய்மரம் நிற்பதைக் காட்டி, "இது மெயின் போர்க்கப்பலின் மரம். 1898-இல் ஸ்பெயின்காரர்கள் ஹவானாவில் கண்ணிவெடி வைத்து மூழ்கடித்தார்கள், அதனால் போர் வந்தது" என்றார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எல்லோரையும் வேனில் ஏறச் சொல்லிவிட்டார். கண்ணிவெடி என்று அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது எனக்கு என்னவோ போல் இருந்தது. திரும்பும் வழியில் போனில் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியிலேயே 'நிலக்கரி பங்கர்' என்று வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தனியாகக் கிளம்பினேன். மகள் இருப்பது ஆஷ்பர்ன் பக்கம். சில்வர் லைன் மெட்ரோவில் ராஸ்லின் வரை போய், அங்கே ப்ளூ லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே ஆர்லிங்டன் கல்லறை. நுழைவுக் கட்டணம் கிடையாது. பையைச் சோதிப்பார்கள், புகைப்பட அடையாள அட்டை வேண்டும், நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். உள்ளே சாப்பாடு கூடாது, தண்ணீர் பாட்டில் இருக்கலாம். என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை ஸ்டேஷன் வாசலிலேயே நின்று காலை ஒன்பதே காலுக்குச் சாப்பிட்டு முடித்தேன்.

ஏற்றம் இருக்கிறது, மூட்டு வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். கட்டண டிராம் வண்டி உண்டு, பெயர் தெரியாத வீரர் கல்லறைப் பக்கம் இறக்கிவிடும். நான் நடந்தேன். என் நடைக்கு அரை மணிக்கு மேல் ஆனது, வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். இருபுறமும் ஒரே அளவில் வெள்ளைக் கற்கள், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வரிசை பிசகாமல். நான்கு லட்சம் பேருக்கு மேல் இங்கே இருக்கிறார்கள். வார நாட்களில் அடக்கங்கள் நடந்துகொண்டே இருக்கும், எங்கோ துப்பாக்கி மரியாதைச் சத்தம் கேட்டால் திடுக்கிட வேண்டாம்.

பெயர் தெரியாத வீரர் கல்லறையை ஒட்டிய வட்ட அரங்கத்துக்கு மேற்குப் பக்கம், சாலையைத் தாண்டினால் மெயின் நினைவிடம். இந்தப் பக்கம் வரும் நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் கொலம்பியா விண்கல நினைவுக் கல்லில் கல்பனா சாவ்லா பெயரைத் தேடித்தான் வருகின்றன. அந்தக் கல்லுக்கும் பாய்மரத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். கொஞ்சம் தலையைத் திருப்பினால் போதும். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று இந்தியக் குடும்பங்கள் கல்பனாவோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டன.

சரி, நினைவிடத்துக்கு வருகிறேன்.

வட்டமான கிரானைட் கட்டடம், போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டு மாதிரி. அதன் நடுவிலிருந்து மேலே எழும்புவது மெயினின் பின்பக்க மரம், அசல் மரமேதான். பாய்மரம் என்று பழக்கத்தில் எழுதுகிறேன், இதில் பாய் கட்டுவதில்லை. இது இரும்பு மரம். பாதிக்கு மேலே ஒரு வட்டமான தொட்டி மாதிரி இருக்கிறது, அதில் சிறு பீரங்கி வைத்து ஆட்கள் நின்று சுடுவார்களாம். எங்கள் ஊர்த் தோணிகளின் மரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது மரமாகவே தோன்றாது, ஆலைப் புகைபோக்கி போலத்தான் இருக்கிறது. முன்பக்க மரம் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் நிற்கிறது. இரண்டு மரமும் இரண்டு ஊரில் இருப்பதால் உலகிலேயே நீளமான கப்பல் இதுதான் என்று கடற்படைக்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு.

வடிவமைத்தவர் நேதன் வையெத். 1915 மே மாதக் கடைசியில் ஜனாதிபதி வில்சன் கலந்துகொண்ட விழாவில் திறந்தார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரைச் சுற்றி இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கதவில் கப்பலின் மணியின் ஒரு பாதியைப் பதித்திருக்கிறார்கள். நான் போனபோது கதவு பூட்டியிருந்தது, கம்பி வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. வெளியே இரண்டு பக்கமும் வெண்கலத்தில் ஸ்பானிய மார்ட்டர் பீரங்கிகள், பிலிப்பைன்ஸில் கைப்பற்றியவை. அப்புறம் ஒரு நங்கூரம். இது மெயினின் நங்கூரம் அல்ல, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தது. ஆனால் மரத்துக்கு முன்பே, 1900-லிருந்து இந்தப் புதைகுழிகளுக்கு அடையாளமாக இருந்தது இதுதான். ஆளாளுக்கு அதன்மேல் கைவைத்துப் படம் எடுக்கிறார்கள். உண்மையான மரத்தை விட்டுவிட்டு இரவல் நங்கூரத்தோடு படம்!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி, அங்கே கலகம். அமெரிக்கர்களின் பாதுகாப்புக்கென்று 1898 ஜனவரியில் மெயின் ஹவானா துறைமுகத்துக்குள் போய் நின்றது. பிப்ரவரி 15, இரவு 9.40. தூங்கும் நேர ஊதுகுழல் ஊதியாயிற்று. கேப்டன் சிக்ஸ்பீ தன் அறையில் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலின் முன்பகுதி வெடித்துப் போனது. கப்பலில் இருந்த 350-க்கும் மேற்பட்டவர்களில் 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாதாரண மாலுமிகள் படுப்பது முன்பக்கம், அதிகாரிகள் அறை பின்பக்கம். அதனால் செத்த அதிகாரிகள் இரண்டே பேர். மாலுமிகளின் பேஸ்பால் அணி இரண்டு மாதம் முன்னால்தான் கடற்படைக் கோப்பையை ஜெயித்திருந்தது, அணியில் ஒருவர் தவிர அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

உயிர் தப்பிய சிக்ஸ்பீ அன்று இரவே வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். அதில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மேற்கொண்டு அறிக்கை வரும்வரை பொதுமக்கள் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்தி வைக்க வேண்டும். யார் கேட்டார்கள்? நியூயார்க் பத்திரிகை ஒன்று குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் 50,000 டாலர் என்று முதல் பக்கத்தில் போட்டது. ஏப்ரலில் போர். அந்த வருடம் முடிவதற்குள் ஸ்பெயினிடமிருந்து கியூபா, போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் எல்லாம் போயின.

மார்ச்சில் முடிந்த முதல் விசாரணை, வெளியிலிருந்து கண்ணிவெடி என்றது. 1911-இல் ஹவானா துறைமுகத்தில் கப்பலைச் சுற்றி இரும்புத் தகட்டுச் சுவர் கட்டி, தண்ணீரை இறைத்து, சேற்றில் கிடந்த கப்பலை வெளியே பார்த்தார்கள். இரண்டாவது விசாரணையும் கண்ணிவெடிதான் என்றது, ஆனால் முதல் குழு காட்டிய இடத்தில் அல்ல, வேறு இடத்தில். நல்ல நிலையில் இருந்த பின்பகுதியை மிதக்க வைத்து, 1912 மார்ச்சில் பூக்களால் மூடி, ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மரியாதையோடு மூழ்கடித்தார்கள். மரத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள். சேற்றில் கிடைத்த எலும்புகளும் இங்கேதான் வந்தன.

அப்புறம் 1970-களில் ரிக்கோவர் என்ற அட்மிரல் இதைக் கையில் எடுத்தார். அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குத் தந்தை எனப்படுபவர். நிபுணர்களை வைத்துப் பழைய படங்களையும் வரைபடங்களையும் ஆராய்ந்து 1976-இல் அவர் சொன்னது: கண்ணிவெடிக்கு ஆதாரம் இல்லை. ஏ-16 என்ற பங்கரில் கரி தானாகப் பற்றி, பக்கத்து இரும்புச் சுவர் சூடாகி, அதை ஒட்டியிருந்த ஆறு அங்குல பீரங்கியின் வெடிமருந்து அறை வெடித்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கரி தானாகவே சூடாகும். வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி மெதுவாக இழுக்கும், அப்போது கொஞ்சம் சூடு பிறக்கும். நல்ல காற்றோட்டம் இருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். டோசரை ஓட்டிக் காற்றே புகாதபடி அமுக்கி வைத்தாலும் தொல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில், சூடு பிறக்கும் அளவுக்குக் காற்றும் கிடைத்து, பிறந்த சூடு போக வழியும் இல்லாமல் இருந்தால்தான் வம்பு. தூள் கரி என்றால் இன்னும் சீக்கிரம். யார்டில் விடிகாலை ஷிப்டில் குவியலின் ஒரு ஓரம் மட்டும் ஆவி விடும். புதுப் பையன்கள் பனி என்று நினைப்பார்கள். கிட்டே போனால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். "கரி புகையுது" என்று ஒருவன் குரல் கொடுத்தால் போதும், சாப்பாட்டுத் தூக்கை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம்.

பங்கர் இன்னும் மோசம். ஒரு வருடம் பராமரிப்புக்காக ஒரு யூனிட்டை நிறுத்தியபோது பங்கரில் இருந்த கரியைக் காலி செய்யாமல் விட்டுவிட்டார்கள். புகை இல்லை, வாடை இல்லை. பங்கரின் வெளித் தகட்டில் ஓரிடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருப்பதை ஒரு வெல்டர்தான் பார்த்தார். கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. உள்ளே தணல். பக்கத்தில் கன்வேயர் பெல்ட் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தகட்டுக்கு மறுபக்கம் 5 டன் வெடிமருந்து இருந்திருந்தால்?

போர்க்கப்பலில் கரி பங்கரையும் வெடிமருந்து அறையையும் ஒட்டி வைப்பதற்குக் காரணம் சொல்வார்கள், கரி எதிரியின் குண்டைத் தாங்கும் தலையணை மாதிரி என்று. அந்த வருடங்களில் அமெரிக்கக் கடற்படை அடிக்கடி தீப்பிடிக்கக்கூடிய பிட்டுமினஸ் கரியைத்தான் எரித்துக்கொண்டிருந்தது. நியூயார்க், சின்சினாட்டி என்ற கப்பல்களில் பங்கர் தீ வெடிமருந்து அறைவரை வந்து நல்லவேளையாகத் தப்பியிருக்கிறார்கள். கடற்படைக்கே தெரிந்த விஷயம்தான்.

எனக்கே எதிராகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று பங்கர்களில் சூடு தெரியவில்லை என்றுதான் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். 1990-களின் கடைசியில் கணினி வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு, கண்ணிவெடியையும் தள்ளிவிட முடியாது என்றது. கரிக்காரன் கண்ணுக்கு எல்லாமே கரியாகத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேன் வழிகாட்டி அடித்துச் சொன்னது போல அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இந்த நினைவிடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது கல்லில் எழுதியிருக்கும் வாசகத்துக்காக. திறந்த 1915-இல் நாடு முழுவதும் கண்ணிவெடி என்றே நம்பியது, இரண்டு அரசு விசாரணைகளும் அப்படித்தான் சொல்லியிருந்தன. ஸ்பெயினைத் திட்டி ஒரு வரி வெட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெட்டியிருப்பதோ, ஹவானாவில் மெயின் கப்பலின் அழிவில் உயிரிழந்த அதிகாரிகள், மாலுமிகள் நினைவாக என்பது மட்டும். அழிவு, அவ்வளவுதான். அழித்தவர் யார் என்று இல்லை. பழைய நங்கூரத்தின் தகட்டில் 'பிளோன் அப்' என்று இருக்கிறது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். வெடித்தது என்பதா, வெடிக்க வைத்தார்கள் என்பதா? தமிழில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். ஆங்கிலம் நடுவில் நின்று தப்பித்துவிடுகிறது.

பெயர்களைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். வெளிச்சம் நேராக விழும் பக்கம் எழுத்துகள் பளிச்சென்று தெரியாது, நிழல் பக்கம் நன்றாகத் தெரிகிறது. அதனால் காலையில் ஒரு சுற்று, கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு சுற்று வரவேண்டும். ஐரிஷ், ஜெர்மன், ஸ்காண்டிநேவியப் பெயர்கள், பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜப்பானியர்கள். கறுப்பின மாலுமிகளும் இருபதுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அன்றைய கடற்படையில் 'கோல் பாசர்' என்றே ஒரு பதவி உண்டு. பங்கருக்குள் இறங்கிக் கரியை அள்ளி, கொதிகலனுக்குக் கொண்டுவந்து போடுகிறவர். எங்கள் ஆட்கள். இறந்தவர்களில் அந்தப் பதவிக்காரர்கள் பலர் என்று வீட்டிலேயே பார்த்து, நான்கைந்து பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்திருந்தேன். மூன்றைக் கண்டுபிடித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்த மூன்று பெயர்களையும் விரலால் தொட்டேன்.

நினைவிடத்துக்கு அருகே புல்வெளியில் அவர்களின் கல்லறைகள், 24-ஆம் பிரிவு. முதலில் ஹவானாவில் புதைத்திருந்தவர்களை 1899 டிசம்பரில் தோண்டி இங்கே கொண்டுவந்தார்கள், ஜனாதிபதி மெக்கின்லி வந்திருந்தார். நங்கூரத் தகட்டின்படி 163 பேர். 1912-இல் சேற்றிலிருந்து கிடைத்தவர்களும் சேர்ந்து 220-க்கும் மேல். அதில் பெயர் தெரிந்தவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர்தான். அதாவது சுவரில் பெயர் இருக்கிறது, தரையில் ஆள் இருக்கிறார், எந்தப் பெயர் எந்த ஆள் என்று தெரியாது. கேப்டன் சிக்ஸ்பீயும் 1923-இல் காலமாகி இதே கல்லறையில் இருக்கிறார். நினைவிடத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர்தான்.

இன்னொரு விநோதம். இந்த வட்டக் கட்டடம் தாய்நாடு திரும்ப முடியாத பெரிய மனிதர்களுக்கு இடைத்தங்கலாகவும் இருந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கேசோன் 1944-இல் இறந்தபோது அவர் நாடு ஜப்பானியர் கையில், உடல் 1946 வரை இங்கே இருந்தது. போலந்தின் பியானோ மேதையும் முன்னாள் பிரதமருமான படரெவ்ஸ்கி 1941-இல் வந்தவர், 1992 வரை அரை நூற்றாண்டு இருந்தார். பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்ததே மெயின் வெடித்ததால் வந்த போரில்தான். அந்த நாட்டின் ஜனாதிபதிக்கு மெயினின் மரத்தடியில் இடம்! இதைப் படித்துவிட்டு வாசலில் கிடக்கும் பீரங்கிகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

நியூயார்க்கில் கொலம்பஸ் சர்க்கிளில் இதே மெயினுக்குத் தங்க முலாம் பூசிய சிலைகளோடு பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது. போன வருடம் பார்த்தேன். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லோரும் பீட்ஸா சாப்பிடுகிறார்கள். நிழலுக்கு நல்ல இடம். மெயினைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்லிங்டனுக்குத்தான் வரவேண்டும்.

குறை என்று பார்த்தால் வெயிலும் ஏற்றமும்தான். ஜூலை, ஆகஸ்டில் முதியவர்கள் டிராமில் போவது நல்லது. குழந்தைகளுக்கு இங்கே ஓடியாட ஒன்றும் இல்லை, ஓடவும் கூடாது. வழிகாட்டியோடு போவதானால் முதல் நாளே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். நேரம் எவ்வளவு வேண்டும் என்றால், படம் எடுக்கப் பத்து நிமிடம், பெயர் படிக்க ஒரு மணி நேரம்.

இரவு தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். அங்கே காலை. என்னோடு இருபது வருடம் ஒரே ஷிப்டில் இருந்த நண்பர் டீக்கடையில் இருந்தார். ஹவானா, போர், ரிக்கோவர், பாய்மரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், முடித்ததும் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் சரி அண்ணாச்சி. பங்கர்ல கரி எத்தன நாளாக் கெடந்துச்சாம்?"